பாத்தம்மாவின் பதினொரு சுமைதாங்கிகள்

மேலப்பாளையம் பாத்தம்மா நெல்லை மகளிர் மரபு வட்டத்துக்குள் வந்தது சேலை விற்கப் போன இடத்தில்தான். கூட்டத்துக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அன்றைக்குப் பாளையங்கோட்டையில் ஃபெபி டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஃபெபி டீச்சர் கல்லூரியில் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். அவரும் அவருடைய சிநேகிதிகளும் சேர்ந்து நடத்துகிற வட்டம் அது. பள்ளிக்கூடங்களுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள், ஆஸ்பத்திரிக்குச் சக்கர நாற்காலி கொடுப்பார்கள், இடிந்து கிடக்கிற பழைய கிணற்றையோ கல்தொட்டியையோ எடுத்துக் கட்டுவார்கள். பாத்தம்மா அதெல்லாம் அறியார். டீச்சர் மாதம் ஒரு தடவை சேலை பார்ப்பார், அது மட்டும் தெரியும்.

மூட்டையை இறக்கி முடிச்சை அவிழ்த்தும் ஒருவரும் திரும்பவில்லை. எல்லார் கண்ணும் மேசைமேல் கிடந்த ஒரு போட்டோவில் இருந்தது. இரண்டு கல் நட்டு, மேலே குறுக்காக ஒரு கல் வைத்த சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடக்கிறவர்கள் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்காக அந்தக் காலத்தில் வழியோரம் நட்டுவைத்தது.

"நாங்குநேரிப் பக்கம் இது ஒண்ணுதான் மிச்சம்," என்றார் டீச்சர் வருத்தத்தோடு.

பாத்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணா? யாரு சொன்னா? நான் போற தடத்துலயே பதினொண்ணு நிக்குல்லா, டீச்சர்."

கூடமே திரும்பிப் பார்த்தது. பாத்தம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விரல் மடக்கினார். "வடலிப்பொத்தை விலக்குல ஒண்ணு. மஞ்சனேரி குளத்தங்கரையில ரெண்டு, அதுல ஒண்ணு சாஞ்சு கெடக்கு. செங்கச்சூளைக்கு எதுத்தாப்புல ஒண்ணு…" பதினொன்று வரை நிற்காமல் சொன்னார். அன்று ஒரு சேலைகூட விற்கவில்லை. ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை டீச்சரும் கூட வருவது என்று முடிவாயிற்று.

பாத்தம்மாவுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. மேலப்பாளையத்திலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். கணவர் அசன் மைதீன் சவூதிக்குத் தண்ணீர் லாரி ஓட்டப் போனவர். முதல் வருஷம் அவரிடமிருந்து நீள நீளமாகக் கடிதம் மட்டும்தான் வந்தது. கடிதத்தை வைத்து உலை வைக்க முடியாதே என்று பாத்தம்மா மொத்தக் கடையில் சேலை வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நாங்குநேரிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து ஊர் ஊராக நடை. அசன் மைதீன் பதினாலு வருடம் கழித்து முழங்கால் வலியோடு திரும்பி வந்து, அடுப்படியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவர் வைக்கும் மீன் ஆனத்தின் குழம்பு மணத்துக்குத் தெருவே மயங்கும். பாத்தம்மாவின் நடை மட்டும் நிற்கவே இல்லை. இருபத்தெட்டு வருடம்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் கேமராவும் குடையும் ஒரு பொட்டலம் மைதா மாவுமாக வந்தார். ஊருக்குப் பாதை பிரிகிற வடலிப்பொத்தை விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் சுமைதாங்கி. பாத்தம்மா கல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தலையை லேசாகச் சாய்த்தார். மூட்டை தானாக வழுக்கிக் கல்லில் உட்கார்ந்தது.

"இறக்கவும் ஆளு வேண்டாம், தூக்கிவிடவும் ஆளு வேண்டாம்," என்றார் பெருமையாக. "தரையில இறக்கினா ரெண்டு பேரு வேணும்."

"நான் தூக்கிப் பாக்கட்டுமா?" என்று டீச்சர் ஆசைப்பட்டார். கல்லுக்கு அடியில் தலையைக் கொடுத்து மூட்டையை இழுத்தார். இழுத்த வேகத்தில் கழுத்து தோளுக்குள் இறங்கியது. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. "எம்மா! எடுங்க, எடுங்க!" என்று அலறினார். பாத்தம்மா மூட்டையைத் தாங்கிக்கொண்டு சிரித்த சிரிப்பில் விலக்கில் பஸ்ஸுக்கு நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள்.

மூச்சு திரும்பிய பிறகு டீச்சர் குறுக்குக் கல்லை ஈரத்துணியால் துடைத்தார். மைதா மாவை உள்ளங்கையில் எடுத்துக் கல்லின் முகத்தில் தேய்த்தார். வெறும் சொரசொரப்பு என்று பாத்தம்மா இத்தனை நாளும் நினைத்திருந்த இடத்தில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன.

"கொல்லம் ஆயிரத்து எழுபத்தொண்ணு… ஆவணி… மஞ்சனேரி… மகள் ஆவுடைத்தங்கம்… சுமைதாங்கி," என்று டீச்சர் எழுத்துக் கூட்டி வாசித்தார். நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முந்திய கொல்லம் ஆண்டுக் கணக்கு அது.

"யாரு டீச்சர் அந்தப் பிள்ளை? கல்லு வச்சவளா?"

"இல்ல பாத்தம்மா. அவளுக்காக வச்சது. வயித்துல பிள்ளையோட செத்துப்போன பொம்பளைக்கு அந்தக் காலத்துல இப்படிக் கல்லு நடுவாங்க. அவ இறக்கி வைக்காமலே போன சுமையை, வழியில போறவங்க இறக்கி வைக்கட்டும்னு."

பாத்தம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கல்லடியில் உட்கார்ந்தார். அவருடைய மகள் முஃபீதா ஏழு மாதமாக வயிற்றில் இருந்தபோது ஒரு சித்திரை வெயிலில் இதே இடத்தில் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூட்டையை இந்தக் கல்லில் சாய்த்துவிட்டு, அதன் நிழலில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்துதான் பிழைத்து எழுந்தார். முஃபீதாவுக்கு இப்போது இருபத்தேழு வயது. தென்காசியில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள்.

"இன்னா லில்லாஹி," என்று இறந்தவர்களுக்காகச் சொல்லும் வார்த்தையை முணுமுணுத்தார் பாத்தம்மா. அப்புறம் நிமிர்ந்து, "இத்தனை வருசமா பேரு தெரியாமலே சாஞ்சிருக்கேன். மத்த கல்லுலயும் பேரு இருக்குமா?" என்று கேட்டார்.

மூன்று செவ்வாய்க்கிழமைகளில் பதினொன்றையும் பார்த்தார்கள். ஏழு கல்லில் பெயர் கிடைத்தது. அதற்கப்புறம் பாத்தம்மா கல்லைக் கல் என்று சொல்லுவதில்லை. "ஆவுடைகிட்ட இறங்கி, நல்லம்மாகிட்ட இளைப்பாறி, மதியத்துக்கு சிவனம்மாகிட்ட போயிருவேன்," என்பார். அசன் மைதீனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏளா பாத்து, நீ சேலை விக்கப் போறியா, சொந்தக்காரியளைப் பாக்கப் போறியா?"

"ரெண்டுந்தான். நீங்க மீனைக் கருக விடாதீய," என்றார் பாத்தம்மா.

வட்டத்தில் அவரையும் உறுப்பினராகச் சேர்த்தார்கள். முதல் கூட்டத்திலேயே அவருக்கு ஒரு சோதனை வந்தது. சாலையை அகலப்படுத்தும் வேலை வடலிப்பொத்தை வரை வந்துவிட்டது. மூன்று சுமைதாங்கிகள் வேலை நடக்கிற கோட்டுக்குள் நின்றன. வட்டத்தின் தலைவி அக்தர் பானு ஒரு யோசனையோடு வந்திருந்தார். பதினொன்றையும் பெயர்த்து லாரியில் ஏற்றி, ஆற்றங்கரையில் தன் செலவில் ஒரு தோட்டம் போட்டு, விளக்கு வைத்து வரிசையாக நிறுத்திவிடலாம். சனங்கள் சாயங்காலம் வந்து பார்ப்பார்கள். லாரிக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது.

எல்லாரும் கை தட்டினார்கள். பாத்தம்மா தட்டவில்லை. இருபத்தெட்டு வருடமாக அவர் சேலை எடுப்பது அக்தர் பானு வீட்டுக் கடையில்தான். அந்த வீட்டில் முகம் கோணினால் மூட்டை மெலிந்துவிடும். ஆனாலும் எழுந்து நின்று, அக்கா முறை சொல்லியே பேச்சைத் தொடங்கினார்.

"லாத்தா, ஒண்ணு சொல்லட்டா? சுமையோட வாறவ தோட்டத்துக்கா வருவா? அவ ரோட்டுலல்லா வருவா."

அக்தர் பானுவின் புருவம் உயர்ந்தது. "அப்ப ரோட்டுலயே நின்னு லாரி இடிச்சுப் போகட்டும்ங்கியா?"

"ரோடு எவ்வளவு நவுருதோ, அவ்வளவு அதுவும் நவுரட்டும். இருபது அடி தள்ளி வச்சா யாரு கேக்கா? அது அந்தப் பிள்ளையளோட ஊரு, லாத்தா. அவிய அம்மை அப்பன் அங்கனதான நட்டாவ."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்தர் பானு கடைசியில், "நான் இன்னும் அந்தக் கல்லைக் கண்ணால பாக்கவே இல்லியே. நாளைக்கு ஒங்கூட வாறேன், பாத்து," என்றார்.

மறுநாள் காரை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸிலேயே வந்தார். மஞ்சனேரிக் குளத்தங்கரையில் மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, முழங்கால் அளவுக்குக்கூடத் தூக்க முடியாமல் கீழே போட்டார். "எங்க கடையில இருந்தா இது போகுது? இவ்வளவு கனமாவா?" என்று வாய் பிளந்தார். அன்றே போன் போட்டு லாரியை வேண்டாம் என்றார். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற நாளில் ஒன்பது பெண்கள் வரிசையில் நின்று மனுக் கொடுத்தார்கள். கல்லை அதே சாலையில் தள்ளி நடலாம் என்று இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு வடலிப்பொத்தை விலக்கில் போய் இறங்கினால் ஆவுடைத்தங்கத்தைக் காணோம். நட்டிருந்த இரண்டு கல்லும் மண்மேட்டில் படுத்துக் கிடந்தன. பெயர் வெட்டிய குறுக்குக் கல் இல்லை.

வேலையிடத்து மேற்பார்வையாளர் பேச்சிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். "யக்கா, சத்தியமா நான் ஒடைக்கல. கல்லைப் பைய எடுத்து ஓரமா வைக்கச் சொன்னேன். மூணு கல்லும் இங்கனதான் கெடந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா ஒண்ணுக்கு மட்டும் கால் முளைச்சிட்டு போல."

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. பாத்தம்மா மூட்டையைத் தலையில் வைத்தார். "அந்தக் கல்லைத் தூக்க நாலு ஆளு வேணும். நாலு ஆளு தூக்கினது ரொம்ப தூரம் போயிருக்காது. நீங்க வீட்டுக்குப் போங்க டீச்சர். நான் என் வேலையைப் பாக்கேன்."

அவர் வேலை வீடு வீடாக ஏறுவதுதானே. மஞ்சனேரியில் நாலு வீடு ஏறி இறங்கினார். சேலையைக் காட்டினார், கதை பேசினார், கல்லைப் பற்றி மூச்சு விடவில்லை. கண் மட்டும் கொல்லைப் பக்கம் போய்ப் போய் வந்தது. ஐந்தாவது வீடு வாழை பயிர் செய்கிற பிச்சைக்கண்ணு வீடு. அவர் மனைவி சுடலைவடிவு நெடுநாள் வாடிக்கை. வீட்டுக்குப் பின்னால் துணி அடிக்கும் சத்தம் கேட்டது. போன மாதம் வரை தொப்பு தொப்பென்று சிமிண்டுத் தரையில் கேட்ட சத்தம், இப்போது கணீர் கணீரென்று கேட்டது.

பாத்தம்மா பின்பக்கம் போனார். சுடலைவடிவு நீளமான ஒரு கருங்கல்லில் புருஷன் வேட்டியை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள்.

"வடிவு, கல்லு புதுசா இருக்கே?"

"இவிய எங்கனயோ ரோட்டோரம் கெடந்துச்சுன்னு கொண்டாந்தாவ. அம்சமா இருக்குல்லா?"

அதற்குள் பிச்சைக்கண்ணு வந்துவிட்டார். பாத்தம்மாவின் பார்வை போன இடத்தைப் பார்த்ததும், கேட்காமலே பதில் சொன்னார். "சேலைக்காரம்மா, அநாதையாக் கெடந்த கல்லு அது. நாலு பேரு கையைக் காலைப் புடிச்சுத் தூக்கியாந்திருக்கேன். இனிமே தர முடியாது."

"தர வேண்டாம் அண்ணாச்சி. ஒரே ஒரு தடவை புரட்டி மட்டும் போடுங்க. அடியில என்ன இருக்குன்னு பாத்துட்டுப் போயிருதேன்."

பிச்சைக்கண்ணு முனகிக்கொண்டே கடப்பாரையை எடுத்து நெம்பினார். கல் புரண்டது. சுடலைவடிவு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கையால் சேற்றை வழித்தாள். பாத்தம்மா டீச்சர் செய்த மாதிரியே கொஞ்சம் மாவு கேட்டு வாங்கித் தேய்த்தார்.

"ஆ… வு… டை…" சுடலைவடிவு வாசித்துக்கொண்டே போய் நிறுத்தினாள். புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, ஒங்க அம்மை பேருல்லா?"

பிச்சைக்கண்ணுவின் தாயார் ஆவுடையம்மாள் கண் மூடி ஆறு வருடம் ஆகியிருந்தது. கல்லில் இருப்பவள் அந்த ஆவுடை இல்லை, நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முந்திய வேறு ஒரு பெண் என்று பாத்தம்மா விளக்கிச் சொன்னார். எதற்காக நட்ட கல் என்பதையும் சொன்னார். பிச்சைக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு நாளாகத் தன் அழுக்கு வேட்டியைத் தாயார் பேரில் போட்டு அடித்தது அவருக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது.

"எடுத்துட்டுப் போங்க தாயி. இப்பவே டிராக்டரைப் பூட்டுதேன்," என்றார்.

"அப்ப நான் எதுல துவைக்க?" என்றாள் சுடலைவடிவு.

"ஒனக்குப் புதுக்கல்லு நாங்க தாறோம் வடிவு," என்று பாத்தம்மா வட்டத்தைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார்.

புதுத் துவைகல் ஒரு வாரத்தில் வந்து இறங்கியது. வழவழவென்று இழைத்த கருங்கல். அதைப் பார்த்த மறுநாளே பக்கத்து ஊர்களிலிருந்து டீச்சருக்குப் போன் வர ஆரம்பித்தது. "எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு டீச்சர், ரொம்பப் பழசு, ராசா காலத்துக் கல்லு!" நாலு வீடு. டீச்சரும் பாத்தம்மாவும் நாலுக்கும் போனார்கள். ஒன்று உடைந்த ஆட்டுரல். ஒன்று வெறும் பாவுகல். ஒன்று பழைய மைல்கல். அதைப் பார்த்து டீச்சர் குதித்தே விட்டார். நாலாவது வீட்டில் மாட்டுக் கொட்டகைக்கு வாசற்படியாகக் கிடந்தது நிஜமான குறுக்குக் கல். மாவு போட்டதும் 'பேராச்சி' என்று பெயர் வந்தது. யாருக்குமே தெரியாமல் இருந்த பன்னிரண்டாவது சுமைதாங்கி.

"ஆட்டுரல்காரிக்கும் துவைகல் குடுக்கணுமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"எல்லாருக்கும் குடுங்க," என்றார் அக்தர் பானு. "நல்ல கல்லுல நாலு அடி சேத்து அடிச்சாத்தான் சேலை சீக்கிரம் நையும். பாத்துக்கும் யாவாரம், எனக்கும் யாவாரம்."

கோட்டுக்குள் நின்ற மற்ற இரண்டையும் தள்ளி நட்ட பிறகு, ஆவுடைத்தங்கத்தைத் திரும்ப நட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பேச்சிராஜ் தன் இயந்திரத்தை ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தான். கொத்தனார் பார்வையாக இருக்கட்டும் என்று அடியில் சிமிண்டு மேடை கட்டி, அதன்மேல் கல்லை நிறுத்தினார். ஊர்ப் பெண்கள் சந்தனம் பூசிப் பூச்சரம் போட்டார்கள். அக்தர் பானு எல்லாருக்கும் ரோஸ்மில்க் கொடுத்தார். எல்லாம் முடிந்து போட்டோ எடுக்கும்போது பாத்தம்மா கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்துவிட்டு, "கொத்தனாரே, எட்டல," என்றார்.

"நாலு விரக்கடைதான் ஒசரம் யக்கா. எடுப்பா இருக்குல்லா?"

"எடுப்பைப் பாக்கவா இங்கன வாறோம்? இந்த நாலு விரக்கடைக்கு நான் எக்கி எக்கித் தூக்கணும். கழுத்து போயிரும்."

கொத்தனார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர், தான் ஒரு தரம் மூட்டை தூக்கிய ஞாபகத்தில், "இறக்கிருங்க," என்றார். பூச்சரத்தைக் கழற்றி, கல்லை இறக்கி, மேடையைக் கொத்தி எடுத்து, குழியை ஆழமாக்கி மறுபடி நட்டு முடிக்க மதியம் தாண்டிவிட்டது. ரோஸ்மில்க் தீர்ந்துபோனதால் பிச்சைக்கண்ணு தோட்டத்திலிருந்து ஒரு தார் வாழைப்பழம் வந்தது.

அந்த வருடம் வட்டத்தின் தருமத்துக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது பாத்தம்மா மறுபடியும் எழுந்து நின்றார். இந்தத் தடவை அக்தர் பானுவே, "சொல்லு பாத்து," என்றார்.

மஞ்சனேரிக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. செவ்வாய்தோறும் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வருவார்கள். திரும்பிப் போகும்போது பஸ்ஸுக்காக வெயிலில் கால் கடுக்க நிற்பார்கள். கையில் பை, சிலர் இடுப்பில் மூத்த பிள்ளை. "அவியளுக்கு உக்கார ஒரு கல்லு, சாய ஒரு கல்லு, பையை வைக்க ஒரு கல்லு. மேல ஒரு கூரை. இதுவும் சுமைதாங்கிதான," என்றார் பாத்தம்மா.

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. யார் உபயம் என்று பெயர் வெட்டுவதில் மட்டும் கொஞ்சம் இழுபறி. ஆளுக்கு ஒரு வரி வேண்டும் என்றார்கள். டீச்சர், "பழைய கல்லுல போனவ பேருதான் பெரிசா இருக்கு," என்று ஒரே வார்த்தை சொன்னார். அப்புறம் யாரும் வற்புறுத்தவில்லை. சாய்மானக் கல்லில் 'ஆவுடைத்தங்கம் நினைவாக' என்று மட்டும் வெட்டினார்கள்.

திறந்த மூன்றாவது வாரமே அங்குள்ள செவிலியரிடமிருந்து புகார் வந்தது. பெஞ்சுக்கு அடிபிடி நடக்கிறதாம். பஸ் வந்து நின்றாலும் ஏறாமல், அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்களாம். இன்னொரு பெஞ்சு போட்டே ஆகவேண்டும். அதில் பேராச்சி பெயர் வெட்டுவதென்று ஒரு பேச்சும் இல்லாமல் தீர்மானம் ஆயிற்று.

போன மாசி மாதம் ஒரு மத்தியானம். பாத்தம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஆற்றுக்குப் போகிற பாதையில் இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் இருக்கிறது, ஆடு கட்டுகிறார்கள், பேப்பரில் போட்டோ பார்த்ததும் இது அதுதானோ என்று தோன்றியது என்றாள்.

"எழுத்து இருக்கா?" என்றார் பாத்தம்மா.

"ஏதோ கிறுக்கின மாதிரி இருக்கு. வந்து பாக்கீயளா? எப்ப வருவீய?"

"வியாழக்கிழமை வாறேன். டீச்சரும் வருவாவ. நீங்க ஆட்டை மட்டும் அவுத்து வேற இடத்துல கட்டி வைங்க."

அசன் மைதீன் இன்னும் ஒரு கரண்டி ஆனத்தைத் தட்டில் ஊற்றினார். பாத்தம்மா போனை வைக்கவில்லை.

"அப்புறம், வெறும் கையோட வரமாட்டேன். பூனம் சேலை புதுசா வந்திருக்கு. ஒங்களுக்கு என்ன கலரு புடிக்கும்?"